ஃபேட் ஃபைல்சிஸ்டம் ஆட்ரிபியூட் க்ளீனப்: ரிவ்யூவில் ஏன் இப்படிக் குடைகிறார்கள்?

கேள்வி: 8 நவம்பர், சனி, இரவு 9:50

பெங்களூருவில் வண்டி கேமரா செய்யும் ஒரு கம்பெனியில் லினக்ஸ் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) டீமில் இருக்கிறேன், சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எங்கள் ரெப்போவில் (கோட் கிடங்கில்), மெமரி கார்டும் பென்டிரைவும் பயன்படுத்தும் ஃபேட் (FAT) ஃபைல்சிஸ்டத்தில், ஃபைலின் ஓனர், அனுமதி, நேரம், அளவு ஆகியவற்றை மாற்றும் செட்ஆட்டர் பகுதி பார்க்கவே சகிக்காது. ஒரே மாதிரி இரண்டு எர்ரர் பிளாக், தேவையில்லாத வேரியபிள், அர்த்தமே இல்லாத பழைய கமெண்ட். எல்லாவற்றையும் துடைத்து ஒரு பேட்ச் (கோட் மாற்றம்) போட்டேன், எந்த வரி எப்படி மாறியது என்று காட்டும் டிஃப்பையும் இணைத்திருக்கிறேன். கமிட் மெசேஜில் (மாற்றத்தோடு எழுதும் குறிப்பில்) 'நடத்தையில் மாற்றமில்லை' என்று தெளிவாக எழுதியும் லீட் திருப்பித் திருப்பி அனுப்புகிறார். டெஸ்ட் எல்லாம் பாஸ். க்ளீனப்புக்கெல்லாம் இவ்வளவு ரிவ்யூ தேவையா? புது ஃபீச்சருக்குச் செலவழிக்க வேண்டிய கண்ணை இங்கே வீணாக்குகிறார்கள் என்பது என் கருத்து.

8 நவம்பர், இரவு 11:20

தேவை. புது ஃபீச்சருக்குப் போடும் கண்ணைவிட அதிகமாகவே தேவை.

புது ஃபீச்சர் என்றால் ரிவ்யூ செய்பவர் சந்தேகத்தோடுதான் உட்காருவார். 'நடத்தையில் மாற்றமில்லை' என்று எழுதி வந்தால் பாதிப் பேர் மேலாக ஓட்டிவிட்டு ஓகே தட்டிவிடுவார்கள். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் மெர்ஜே (பேட்ச்சை மூலக் கோடில் சேர்ப்பதே) நடக்கிறது. அது உண்மையா என்று வரிவரியாகப் பார்ப்பதுதான் க்ளீனப் ரிவ்யூ, அதில் வேறு வேலையே கிடையாது.

உங்கள் டிஃப்பைப் படித்தேன். (கம்பெனி டிஃப்பைப் பொதுவில் ஒட்டலாமா என்பது வேறு விஷயம், ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் உள்ள கோட் என்பதால் தப்பித்தீர்கள்.) முதல் துண்டிலேயே பொறி தட்டியது. செட்ஆட்டர் ஆரம்பத்தில் ஐஏ வேலிட் ஃப்ளாகுகளை (எதையெல்லாம் மாற்றக் கேட்கிறார்கள் என்று காட்டும் பிட்டுகளை) ஒரு லோக்கல் வேரியபிளில் எடுத்து வைக்கிறார்கள். நேரத்தைக் குறிப்பிட்ட மதிப்புக்கு மாற்றச் சொல்லும் ஃப்ளாகுகளை மூலத்திலிருந்து அழிக்கிறார்கள். அனுமதி இருக்கிறதா என்று பார்க்கும் பொது ஃபங்ஷனான செட்ஆட்டர் ப்ரிப்பேரைக் கூப்பிடுகிறார்கள். அது திரும்பி வந்ததும் பழைய மதிப்பை அப்படியே திருப்பி வைக்கிறார்கள். கூட்டிக் கழித்தால் பூஜ்யம் என்று நீங்கள் மொத்தத்தையும் தூக்கிவிட்டீர்கள்.

முன்னும் பின்னும் பார்த்தால் பூஜ்யம்தான். நடுவில் கூப்பிடப்படும் ப்ரிப்பேர் பார்ப்பது மட்டும் வேறு. ஃபேட்டில் டிஸ்க்கில் ஓனர் என்று ஒன்றே கிடையாது, மவுண்ட் செய்யும்போது (கார்டைச் சிஸ்டத்தோடு இணைக்கும்போது) கொடுக்கும் யுஐடிதான் (யூசர் எண்தான்) எல்லா ஃபைலுக்கும் ஓனர். லினக்ஸின் பொது விதிப்படி ஒரு ஃபைலின் நேரத்தை இஷ்டப்பட்ட மதிப்புக்கு மாற்ற ஓனராக இருக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கான கேபபிலிட்டி (சிறப்பு அதிகாரம்) வேண்டும். ஃபேட்டில் இதை அப்படியே பிடித்துக்கொண்டால் ஒரே கார்டை இரண்டு யூசர் பயன்படுத்தும்போது ஓனர் அல்லாதவரால் நேரத்தைத் திருப்பிப் போட முடியாது. அதற்காகத்தான் அலோ யுடைம் என்று ஒரு மவுண்ட் ஆப்ஷன். தனியாகக் கொடுக்காவிட்டால் டிமாஸ்க்கை (டைரக்டரிகளில் எந்த அனுமதிகளை நீக்குவது என்ற ஆப்ஷனை) பார்த்து அதுவே முடிவு செய்துகொள்ளும்: டைரக்டரியில் குரூப்புக்கு எழுத அனுமதி இருந்தால் குரூப்பில் உள்ளவர் நேரத்தையும் மாற்றலாம். பொதுச் சோதனையின் கண்ணில் படாமல் அந்த ஃப்ளாகுகளை மறைத்து, தாண்டியதும் திருப்பி வைப்பது இதற்காக.

உங்கள் கேமராவையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்டு ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள யூசர்) பெயரில் மவுண்ட் ஆகிறது, ஒரு மீடியா குரூப், டிமாஸ்க் 002, கிளிப்பைக் காப்பி செய்து அதன் பழைய நேரத்தைத் திருப்பிப் போடும் டீமன் (பின்னணியில் ஓடும் புரோகிராம்) அந்தக் குரூப்பில் உள்ள சாதாரண யூசர். இது என் ஊகம்தான், ஆனால் இப்படித்தான் முக்கால்வாசி இடங்களில் இருக்கும். உங்கள் பேட்ச் உள்ளே போன மறுநாள் அந்த டீமனுக்கு ஈபெர்ம் (அனுமதி இல்லை என்ற எர்ரர்). டெஸ்ட்டை ரூட்டாக ஓட்டியிருப்பீர்கள், அங்கே ஒன்றும் தெரியாது.

9 நவம்பர், ஞாயிறு, காலை 8:15

தூங்கி எழுந்து மீண்டும் பார்த்தேன். நேற்று சொன்னதைவிடப் பெரிய விஷயம் கீழே இருக்கிறது.

மோட் (படிக்க, எழுத, இயக்க யாருக்கு அனுமதி என்ற பிட்டுகள்) மாற்றும் இடத்தில் ஃபேட் இரண்டு விதமாக நடந்துகொள்ளும், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். மோட் மாற்றும் கட்டளையான சிஎச்மாட்டில் 4755 கொடுத்தால், அதாவது ஓனரின் அதிகாரத்தோடு ஓடச் செய்யும் செட்யுஐடி பிட் கேட்டால், ஈபெர்ம். சிஎச்மாட் 600 கொடுத்தால் எர்ரர் கிடையாது, வெற்றி என்று பூஜ்யம் திரும்பும், ஆனால் மோட் மாறியிருக்காது. ஃபேட்டால் வைத்துக்கொள்ள முடிவது ரீட் ஒன்லி என்ற ஒரே பிட். எனவே எழுதும் அனுமதி மாஸ்க்குக்கு உட்பட்டு எல்லாருக்கும் இருக்க வேண்டும், அல்லது ஒருவருக்கும் இருக்கக் கூடாது. படிக்கும் பிட்டும் இயக்கும் பிட்டும் இருந்தபடியே இருக்க வேண்டும். பொருந்தாத மோட் வந்தால் மோட் ஃப்ளாகை மட்டும் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு மேலே போய்விடும்.

நீங்கள் இரண்டையும் ஒன்றாக்கி, இரண்டுக்கும் ஈபெர்ம் என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்க அழகாகத்தான் இருக்கிறது. யாராவது புதிதாக எழுதினால் இப்படித்தான் எழுத வேண்டும். ஆனால் அந்த இடத்தில் ஒரு கமெண்ட் இருந்ததே, இங்கே எர்ரர் கொடுப்பதில்லை, விசித்திரம்தான், ஆனாலும் மிகப் பழைய வழக்கம் என்ற பொருளில்? உங்கள் பேட்ச்சில் அதையும் சேர்த்து 'அர்த்தமில்லாத பழைய கமெண்ட்' கணக்கில் அழித்திருக்கிறீர்கள்.

டார் காப்பகத்தைப் பிரிக்கும்போது, சிபி மைனஸ் பி போட்டு அனுமதியோடு காப்பி செய்யும்போது, பென்டிரைவில் ஜிப் பிரிக்கும்போது என்று எல்லா இடத்திலும் சிஎச்மாட் ஓடும். இத்தனை வருடமாக அவற்றுக்கு வெற்றி என்று பதில் போய்க்கொண்டிருக்கிறது. நாளைக் காலை முதல் ஈபெர்ம் என்றால் எந்த அப்டேட் ஸ்கிரிப்ட் எங்கே செத்து விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. பொய்யான பதில்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பொய்யை நம்பி ஊரெல்லாம் வீடு கட்டியாகிவிட்டது.

9 நவம்பர், மாலை 6:40

மேலே ஒருவர், 'என் உபுண்டு லேப்டாப்பில் பென்டிரைவைச் செருகி சிஎச்மாட் 444 கொடுத்தேன், அழகாக மாறியது, நீங்கள் சொல்வது தப்பு' என்கிறார்.

மாறும். டெஸ்க்டாப்பில் தானாக மவுண்ட் ஆகும்போது ஷோஎக்ஸெக் என்ற ஆப்ஷனோடு ஆகிறது. அதனால் எக்ஸி, காம், பேட் என்று முடியும் ஃபைல்களுக்கு மட்டும்தான் இயக்கும் பிட் வரும். உங்கள் டெக்ஸ்ட் ஃபைல் 644 என்று தெரியும், 444 கேட்டால் எழுதும் பிட் மட்டும் போகிறது, ஃபேட்டுக்குச் சம்மதம். இப்போது அதே பென்டிரைவைக் கழற்றி, கையால் சுடோ (ரூட்டாக ஓட்டும் கட்டளை) போட்டு யுஐடி மட்டும் கொடுத்து மவுண்ட் செய்து பாருங்கள். எல்லா ஃபைலும் 755, அதாவது இயக்கும் பிட்டும் இருக்கும். 444 கேளுங்கள். எர்ரர் வராது, மோடும் மாறாது. அடுத்து, எழுதும் பிட்டை மட்டும் எல்லாரிடமிருந்தும் எடுக்கும் சிஎச்மாட் ஏ மைனஸ் டபிள்யூ கொடுங்கள், 555 ஆகிவிடும். ஒரே ஃபைல், ஒரே கட்டளை, மவுண்ட் ஆப்ஷனையும் கேட்கும் மோடையும் பொறுத்து மூன்று பதில். இதைத் தெரிந்துகொண்டு அந்த ஃபங்ஷனை மறுபடி படியுங்கள், அசிங்கமாகத் தெரிந்த பல வரிகள் அப்படித் தெரியாது.

10 நவம்பர், திங்கள், காலை 9:30

பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பில் நிற்கிறேன், வண்டி நகர்வதாக இல்லை, அதனால் ஒரு சின்னக் குறிப்பு. 'டெஸ்ட் எல்லாம் பாஸ்' என்பது பற்றி. எத்தனை டெஸ்ட் ஓடின, எத்தனை தாண்டிப் போயின என்று பார்த்தீர்களா? சிம்லிங்க், ஹார்ட்லிங்க் (ஒரு ஃபைலுக்கு இன்னொரு பெயர் தரும் இணைப்புகள்), ஓனர் மாற்றம் எதிர்பார்க்கும் டெஸ்ட்டுகள் ஃபேட்டில் ஓடவே ஓடாது. ஓடாததும் சிவப்பாகக் காட்டாது, கடைசியில் வரும் சுருக்கத்தில் எல்லாம் நலம் என்றுதான் தெரியும்.

11 நவம்பர், செவ்வாய், இரவு 10:45

நேரம். இதை எழுதாமல் விட மனசு வரவில்லை, ஏனென்றால் இது நம்மூர் ஆட்களுக்கு மட்டும் நன்றாகக் கடிக்கும் விஷயம்.

ஃபேட் நேரத்தை லோக்கல் நேரமாகத்தான் எழுதி வைக்கும், யுடிசி (உலகப் பொது நேரம்) அல்ல. கேமரா காலை 10 மணிக்கு எடுத்த படத்தில் 10 என்றே இருக்கும். கெர்னலுக்கு டைம்ஸோன் சொல்லப்படாத ஒரு லினக்ஸ் பெட்டியில் அந்தக் கார்டைப் போட்டால் கெர்னல் அதை யுடிசி 10 மணி என்று எடுத்துக்கொள்ளும், உங்கள் திரையில் மாலை 3:30 என்று வரும். ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போன கல்யாண ஆல்பத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும், முகூர்த்தம் சாயங்காலம் நடந்த மாதிரி இருக்கும். டைம் ஆஃப்செட் (யுடிசியிலிருந்து எத்தனை நிமிட வித்தியாசம்) 330 என்று மவுண்ட்டில் கொடுத்தால் சரியாகும்.

அப்புறம் துல்லியம். மாற்றிய நேரம் 2 விநாடிக்கு ஒருமுறைதான். கடைசியாகப் படித்தது தேதி மட்டும், மணியே கிடையாது. அதனால் மெமரியில் இருக்கும் நேரத்தையும் கெர்னல் அதே அளவுக்கு வெட்டி வைக்கிறது, இல்லையென்றால் அன்மவுண்ட் செய்து மவுண்ட் செய்தால் நேரம் தானாக மாறியது போல் ஆகிவிடும். படித்த நேரத்தை வெட்டும்போது முதலில் ஆஃப்செட்டைச் சேர்த்து லோக்கலுக்குக் கொண்டுபோய், நாள் எல்லைக்கு இறக்கி, மறுபடி அதே ஆஃப்செட்டைக் கழிக்கிறார்கள். உங்கள் டிஃப்பில் 'சேர்த்ததையே கழிப்பதால் இரண்டும் அடித்துக்கொண்டு போய்விடும்' என்று நீக்கியிருக்கிறீர்கள்.

அடித்துக்கொண்டு போகாது, நடுவில் ஒரு வெட்டு இருக்கிறது. அதிகாலை 3 மணிக்கு ஒரு ஃபைலைப் படிக்கிறீர்கள், தேதி 12. யுடிசியில் அது 11ஆம் தேதி இரவு 9:30. யுடிசி நாள் எல்லைக்கு வெட்டினால் 11ஆம் தேதி தொடக்கம், அதாவது நம் நேரத்தில் 11ஆம் தேதி காலை 5:30. கார்டில் எழுதும்போது தேதி 11 என்று போய் உட்காரும். நள்ளிரவிலிருந்து காலை ஐந்தரை வரை படித்த எல்லாமே நேற்றுப் படித்ததாகிவிடும். ஜெர்மனியில் உட்கார்ந்து டெஸ்ட் செய்பவருக்குக் குளிர்காலத்தில் இந்த ஜன்னல் ஒரு மணி நேரம்தான், லண்டனில் அதுவும் இல்லை. நமக்கு ஐந்தரை மணி. நம் ஆஃபீஸ் நேரத்தில் ஓட்டினால் தெரியவே தெரியாது.

ஃபேட்டில் படித்த தேதியை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன், அநேகமாக யாரும் இல்லை. ஆனால் நான் குறித்துக்கொள்வது வேறு. சனிக்கிழமை சொன்ன ஃப்ளாக் கதையும் இதுவும் ஒரே அச்சு. ஒன்றை மாற்று, ஏதோ செய், மாற்றியதைத் திருப்பு. இந்த வடிவத்தை எங்கே பார்த்தாலும் ஓரங்களை விட்டுவிட்டு நடு வரியைத்தான் முதலில் படிப்பேன். உங்கள் லீடும் அதைத்தான் செய்கிறார் போலிருக்கிறது.

12 நவம்பர், மதியம்

'இது ரிவ்யூ இல்லை, ஈகோ' என்று எழுதியவருக்கு: கேட்ட கேள்விகளில் எது தப்பு என்று சொல்லுங்கள், பேசலாம்.

13 நவம்பர், வியாழன், இரவு 9:10

மும்பையிலிருந்து ஒருவர், 'அப்படியானால் பழைய கோட் பக்கமே போகாதே என்கிறீர்களா? இப்படிப் பயந்தே எல்லாரும் குப்பையைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்' என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நான் எழுதிய மூன்று நான்கு குறிப்பையும் சேர்த்துப் படித்தால் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன் என்று தோன்றும். இல்லை.

துடைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆட்ரிபியூட் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. செட்ஜிஐடி (உள்ளே உருவாகும் ஃபைலுக்கு டைரக்டரியின் குரூப்பையே தரும் பிட்) போட்ட டைரக்டரியில், அந்தக் குரூப்பில் இல்லாத ஒருவர், குரூப் இயக்கும் பிட்டும் செட்ஜிஐடி பிட்டும் சேர்ந்த ஃபைலை உருவாக்கிவிட முடிந்தது. அதாவது தனக்குச் சம்பந்தமில்லாத குரூப்பின் அதிகாரத்தோடு ஓடும் புரோகிராம். 2018இல் இதைப் பொது ஃபங்ஷனில் சரிசெய்தார்கள், பாதுகாப்புக் குறைகளுக்குத் தரும் சிவிஇ எண் 2018-13405. எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல்சிஸ்டம் அந்தப் பொது ஃபங்ஷனைப் பயன்படுத்தவில்லை, அதே வேலையைச் செய்யும் சொந்த வரிகள் வைத்திருந்தது. பொது இடத்தில் போட்ட மருந்து அங்கே போய்ச் சேரவில்லை. எக்ஸ்எஃப்எஸ்ஸில் அது சரியானது 2021இல், அதற்குத் தனியாக ஒரு சிவிஇ எண், 2021-4037. இடையில் இரண்டரை வருடம். இரண்டு இடத்தில் ஒரே வேலை நடந்தால் இதுதான் விலை.

அதே 2021இல் நல்ல க்ளீனப்பும் ஒன்று நடந்தது. சிஎச்ஆட்டர் ப்ளஸ் ஐ கொடுத்து ஃபைலைப் பூட்டுகிறோமே, அந்த ஃப்ளாகுகளைக் கையாளும் வேலை அதுவரை ஒவ்வொரு ஃபைல்சிஸ்டத்தின் ஐஆக்டிலுக்குள்ளும் (திறந்த ஃபைல் மீது தனிக் கட்டளை அனுப்பும் வழி) தனித்தனியாக இருந்தது. யூசரிடமிருந்து மதிப்பை வாங்குவது, அனுமதி பார்ப்பது, லாக் எடுப்பது எல்லாம் ஆளுக்கு ஒரு காப்பி. கெர்னல் டெவலப்பர் மிக்லோஷ் செரெடி அதை ஃபைல்ஆட்டர் என்ற பெயரில் வெளியே எடுத்து எல்லா ஃபைல்சிஸ்டத்துக்கும் பொதுவான விஎஃப்எஸ் அடுக்கில் வைத்தார், 5.13 கெர்னலில் வந்தது. இம்யூட்டபிள் (ஃபைலை மாற்ற முடியாமல் பூட்டும்) ஃப்ளாகை மாற்றக் கேபபிலிட்டி இருக்கிறதா என்ற சோதனை இப்போது ஒரே இடத்தில். அப்படி ஓரிடத்துக்கு வந்ததால்தான் 2025இல் 6.17 கெர்னலில் அதற்கு நேரடி சிஸ்டம் கால்களே (புரோகிராம் கெர்னலை அழைக்கும் வழிகளே) கொண்டுவர முடிந்தது. ஐஆக்டிலுக்கு ஃபைலைத் திறந்தாக வேண்டும், சிம்லிங்க்கையும் டிவைஸ் நோடையும் அப்படித் திறந்து ஃப்ளாகை மாற்ற வழியில்லை, இப்போது பாதையைக் கொடுத்தால் போதும்.

அது எப்படிப் போனது என்று ஒருமுறை கமிட்டுகளைப் பாருங்கள். முதலில் பொது ஏற்பாடு, அப்புறம் ஃபைல்சிஸ்டத்துக்கு ஒன்றாக மாற்றம். எந்த ஃபைல்சிஸ்டத்தின் பொறுப்பாளருக்கும் தன் வீட்டுப் பக்கம் மட்டும் படித்தால் போதும். ஆகவே மும்பைக்காரரே, துடைக்கலாம், துடைக்க வேண்டும். ஒரே பக்கெட் தண்ணீரில் மொத்தத்தையும் கொட்டிக் கழுவாதீர்கள் என்பதுதான் நான் சொல்வது.

14 நவம்பர், வெள்ளி, நள்ளிரவு தாண்டி

தூக்கம் வரவில்லை, கொஞ்சம் திசைமாறிப் பேசுகிறேன்.

ஃபேட் டைரக்டரியில் ஒரு பதிவு 32 பைட். முதல் 11 பைட் பெயர், எட்டும் மூன்றும். அதற்கு அடுத்த பைட்தான் ஆட்ரிபியூட். ரீட் ஒன்லி 1, ஹிட்டன் 2, சிஸ்டம் 4, வால்யூம் லேபிள் 8, டைரக்டரி 16, ஆர்கைவ் 32. நீளப் பெயர் வந்தபோது புதிதாக இடம் கேட்க வழியில்லை, அதனால் முதல் நான்கையும் சேர்த்து 15 என்று போட்டு அது நீளப் பெயரின் துண்டு என்று வைத்துக்கொண்டார்கள். வால்யூம் லேபிள் பிட் இருப்பதால் பழைய டாஸ் அதைத் தொடாமல் போய்விடும். குறுக்குவழிதான், ஆனால் கெட்டிக்காரக் குறுக்குவழி. இதன் விளைவு, வால்யூம் லேபிளா என்று கேட்பதற்கு முன்னால் 15தானா என்று கேட்டுத் தொலைக்க வேண்டும். வரிசையை மாற்றினால் நீளப் பெயரெல்லாம் லேபிளாகத் தெரியும்.

ஒரு துண்டில் 13 எழுத்து அலகுகள். தமிழில் 'கல்யாணப் பத்திரிகை' என்று பெயர் வைத்துப் பிடிஎஃப் சேமித்தால் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனி அலகு. எண்ணினால் எக்ஸ்டென்ஷனோடு 22 வரும். இரண்டு துண்டு, கூடவே ஒரு குட்டைப் பெயர், ஆக 96 பைட்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டைரக்டரிக்கு வரும் ரீட் ஒன்லி பிட். விண்டோஸ் அதைப் பூட்டாக மதிப்பதில்லை. ஃபோல்டருக்கு ஐகான் மாற்றினால் 'இது அலங்கரிக்கப்பட்டது' என்பதற்கு அடையாளமாக அந்தப் பிட்டை ஏற்றி வைக்கும். லினக்ஸ் அதைப் பூட்டாக எடுத்துக்கொண்டால் அலங்கரித்த ஃபோல்டரில் எதையும் எழுத முடியாது. அதனால் ரோடிர் ஆப்ஷன் கொடுக்காத வரை டைரக்டரியின் மோடில் அந்தப் பிட் தெரியாது. தெரியாது என்பதற்காகத் தொலைத்துவிடவும் கூடாது. எனவே மோடில் இடமில்லாத பிட்டைத் தனியாக எடுத்து வைத்து, திருப்பி எழுதும்போது சேர்க்கிறார்கள். உங்கள் டிஃப்பில் ஃபைலுக்கும் டைரக்டரிக்கும் இருந்த இந்த வித்தியாசம் ஒரே ஹெல்பர் ஃபங்ஷனாகியிருக்கிறது. ஒருவர் கார்டை லினக்ஸில் போட்டு எடுத்ததும் விண்டோஸில் ஐகான் காணாமல் போகும். 'உங்கள் கேமரா என் ஃபோல்டர் ஐகானைத் தின்றுவிட்டது' என்று பக் ரிப்போர்ட் வந்தால் யார் நம்புவார்கள்?

17 நவம்பர், திங்கள், இரவு 10:20

கேட்டவர் திரும்ப வந்து எழுதியிருக்கிறார், நல்லது. 'லீடோடு உட்கார்ந்து பேசினேன் அண்ணா, கீழே தர்ஷினியில் (நின்றபடி சாப்பிடும் ஹோட்டல்) பை டூ காபி (ஒன்றை இருவருக்குப் பிரித்தது) வாங்கி, டிஃப்பைத் துண்டு துண்டாகப் பார்த்தோம். நீங்கள் சொன்ன டீமன் விஷயம் எங்களிடம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கிறது. பேட்ச்சைப் பிரிக்கச் சொன்னார். எப்படிப் பிரிப்பது?'

நான் பிரித்தால் இப்படிப் பிரிப்பேன் தம்பி. இடம் மாற்றுவது மட்டும் ஒரு பேட்ச், அதில் ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (git) கருவியில் கலர் மூவ்ட் ஆப்ஷன் போட்டுப் பார்த்தால் நகர்ந்த வரிகள் வேறு நிறத்தில் வரும், மிச்சம் இருப்பதை மட்டும் ரிவ்யூ செய்பவர் படிப்பார், அவர் கண்ணுக்கும் நல்லது. பெயர் மாற்றம் தனி. செத்துப்போன கமெண்ட் தனி. அந்த ஃபைலைப் பெரிதாக்கும் இடத்தில், ஹோல் (நடுவில் விழும் வெற்று இடம்) நிரப்புவது பற்றி ஒரு கமெண்ட் இருக்கிறதே, இப்போது இது உண்மையில்லை என்று அதுவே சொல்லிக்கொள்ளும், அதை முதல் ஆளாக அனுப்புங்கள், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். சிஎச்மாட் கமெண்ட்டை மட்டும் தொடாதீர்கள்.

கொயட் (மாற்ற முடியாதபோதும் எர்ரர் சொல்லாமல் விடும்) ஆப்ஷன் பார்க்கும் இரண்டு பிளாக்கை ஒன்றாக்கியிருந்தீர்கள். அதைப் பற்றி நான் இதுவரை வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் அங்கே உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இப்போது இருக்கும் வரிசையில் முதலில் பொதுச் சோதனை, அப்புறம் ஃபைலைப் பெரிதாக்குவது, அதற்குப் பிறகுதான் இந்த யுஐடியும் மோடும் ஃபேட்டுக்கு ஆகுமா என்ற கேள்வி. ஒரே அழைப்பில் அளவும் ஆகாத யுஐடியும் சேர்ந்து வந்தால் ஃபைல் பெரிதாகிவிடும், அப்புறம் ஈபெர்ம் வரும். கேள்வி எல்லாவற்றையும் மேலே கொண்டுபோய், திருப்ப முடியாத வேலையைக் கீழே வைப்பது சரியான வரிசை. ஆனால் கொயட் போட்டிருந்தால் கதை வேறு. இன்று அளவு மாறிவிட்டு வெற்றி என்று வரும், உங்கள் வரிசையில் அளவு மாறாமலே வெற்றி என்று வரும். எழுதப்போகும் புரோகிராமுக்கு இது மோசமான பொய்.

அப்படி இரண்டும் ஒரே அழைப்பில் வருமா என்று கேட்டால், சாதாரண சிஸ்டம் கால் வழியாக வராது, அளவை மாற்றும் ட்ரங்கேட் வேறு, ஓனரை மாற்றும் சிஎச்ஓன் வேறு. அதனால் லீட் ஒத்துக்கொண்டால் இந்த மாற்றம் போகலாம் என்பது என் எண்ணம். 'நடத்தையில் மாற்றமில்லை' என்ற வரி அதில் இருக்கக் கூடாது. எது மாறுகிறது, யாருக்கு மாறுகிறது, ஏன் பரவாயில்லை என்று மூன்று வாக்கியம் எழுதித் தனி பேட்ச்சாக, வரிசையில் கடைசியாக வையுங்கள். நாளைக்கு யாராவது பைசெக்ட் செய்து (எந்தப் பேட்ச்சில் பக் வந்தது என்று பாதி பாதியாகத் தேடி) அங்கே வந்து நின்றால் அந்த ஒன்றை மட்டும் கழற்றிவிடலாம், மற்றவை அப்படியே இருக்கும்.

18 நவம்பர், காலை

ஃபைல்களைக் காப்பி செய்து ஒத்திசைக்கும் ஆர்சிங்க் பற்றிக் கேட்டவருக்கு, இது தலைப்புக்கு வெளியே, ஆனாலும்: மைனஸ் ஏ போட்டுப் பென்டிரைவுக்கு அனுப்பினால் சிஎச்ஓன் தோல்வி என்று பக்கம் பக்கமாக வருவது கார்டின் கோளாறு அல்ல, ஃபேட்டில் ஓனர் கிடையாது, அவ்வளவுதான். ஓனர், குரூப், பெர்மிஷன் மூன்றையும் விட்டுவிட்டு அனுப்புங்கள், மாடிஃபை விண்டோ 1 என்றும் கொடுங்கள். இல்லாவிட்டால் 2 விநாடித் துல்லியத்தால் வரும் ஒரு விநாடி வித்தியாசத்தைப் பார்த்து அடுத்த தடவையும் பல ஃபைல்களைத் திரும்ப அனுப்பும். கொயட் போட்டு வாயை அடைக்காதீர்கள்.

20 நவம்பர், வியாழன், இரவு

கேட்டவர் இப்போது பிரித்த வரிசையைக் காட்டியிருக்கிறார். பசவனகுடியில் கடலைக்காய் பரிசே (வேர்க்கடலைத் திருவிழா) போய்விட்டு வந்து, ஒரு பொட்டலம் அவித்த கடலையை வைத்துக்கொண்டு படித்தேன், முதல் மூன்றிலும் கேட்க ஒன்றுமில்லை. நான்காவதில் நேர வெட்டைத் தனி ஹெல்பராக்கி, ஆஃப்செட்டை ஏன் சேர்த்துக் கழிக்கிறோம் என்று இரண்டு வரி கமெண்ட் போட்டிருக்கிறீர்கள், அது பழையதைவிட நன்றாகவே இருக்கிறது. ஐந்தாவதில் அலோ யுடைம் சோதனையை அழைக்கும் இடத்தில் லோக்கல் வேரியபிளின் பெயரைப் 'பழைய ஃப்ளாகுகள்' என்ற பொருளில் மாற்றியிருப்பதும் நல்லது, இனி யாரும் பூஜ்யம் என்று தூக்க மாட்டார்கள். ஆனால் திருப்பி வைக்கும் வரியை எர்ரர் பார்ப்பதற்குக் கீழே நகர்த்திவிட்டீர்கள். பழையதில் எர்ரர் வந்தாலும் வராவிட்டாலும் திருப்பி வைத்துவிட்டுத்தான் எர்ரரைப் பார்க்கும். உங்களுடையதில் எர்ரர் வந்தால் கூப்பிட்டவரின் ஃப்ளாகுகள் அழிந்தபடியே திரும்பும். மேலே மறுபடி பழைய இடத்தில் வையுங்கள், மற்றபடி என் தரப்பில் ஓகே.